அப்பா முகம் மாற்றிய வீடு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்து, இலையில் அமர்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். அப்பாவின் நற்குணங்களை வரிசையாக எழுதித் தரும்படி அத்தை கேட்டார்கள். அது எனக்கு வராது. பலர் என்னிடம் கேட்டு, நான் பதில் சொல்லாமல் மழுப்பிய ஒரு விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு பழைய வீட்டை, சம்பளக்காரரான அப்பா ஏன் அப்படி இழைத்து இழைத்து அழகாக்கினார்?

அப்பா பிறந்தது வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்றில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டும் வேலையில் சேர்ந்து, மருந்து கலக்கப் படித்து, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு டிஸ்பென்சராக வந்தார். சனங்கள் அவரை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார். சுதந்திரம் வந்த கையோடு நம் தோட்டத்து ஆட்களுக்கு வோட்டுப் பறிபோன காலத்தில் லயம் லயமாகப் போய் மனு எழுதிக் கொடுத்தவர். பேய் பிடித்தது என்று யாராவது வந்தால், "பேதி மருந்து ஒரு மடக்குக் குடி, எல்லாம் எறங்கிரும்" என்பார்.

எங்களுக்குக் கிடைத்த வீடு காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தது. தார் பூசிய கறுப்புத் தகரக் கூரை, பாசி பிடித்த சுவர், இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கதவு. ரோட்டிலிருந்து பார்த்தால் கதவருகே அம்மா வைத்த ரோஜாக் கொடி ஒன்றுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

தம்பி பிறந்த அதே மழைக்காலத்தில் அம்மா பிரசவக் காய்ச்சலில் தவறிப்போனார்கள். அப்பா தம் கையாலேயே மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. அது போதாதென்று, நட்சத்திரம் பார்த்தவர்கள் அடைப்பு என்றார்கள். அடைப்பில் போனவரை வாசல் வழியே எடுத்தால், அதே வாசலால் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரைக் கூட்டிப் போவார் என்பது நம்மவர் நம்பிக்கை. அதனால் முன்னறைக்கு மேலிருந்த தகரங்களைக் கழற்றி, அம்மாவைப் பாயில் கட்டிக் கூரை வழியே வெளியே எடுத்தார்கள். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முகத்தில் மழை விழுந்ததை நான் பார்த்தேன்.

கழற்றிய தகரம் மறுபடி சரியாகப் படியவில்லை. நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும், மழையும் ஒழுகும். தொட்டிலில் கிடந்த தம்பி அந்தக் கீற்றையே பார்ப்பான். பார்த்துச் சிரிப்பான். நாங்கள் கொடுக்கும் பாலைத் துப்பிவிட்டு, மேலே பார்த்தபடி வாயைச் சப்புவான். பசி அடங்கியவன் போல் தூங்கிவிடுவான். ஆனால் நாளுக்கு நாள் இளைத்துக் குச்சியாகிப் போனான்.

அவனை வளர்க்க வந்த அத்தை அழுதார்கள். "அண்ணே, அண்ணிதான் வந்து பால் குடுக்குறாங்க. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"மொட்டத் தலைக்கும் மொழங்காலுக்கும் முடிச்சுப் போடாத. அவனுக்கு வயித்துக் கோளாறு" என்றார் அப்பா. தமக்குத் தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "கூரை வழியா போன உசுரு கூரையத் தேடித்தாங்க வரும். கூரைய மாத்துங்க. வீட்டு மூஞ்சியயும் சேத்து மாத்துங்க. அவங்களுக்கு அடையாளம் தெரியக்கூடாதுங்க."

அப்பா அவரைக் கோபமாக ஏசி அனுப்பினார். ஆனால் அந்த வாரமே பங்களாவுக்குப் போய், கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் புதுத் தகரம் கேட்டார். ஊருக்குத்தான் உபதேசம்!

தச்சு பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தோட்டத்து ஆசாரி கூரையை மட்டும் மாற்ற வந்தார். அப்பா அவரோடு நின்று முகப்பையே மாற்றினார். புதுத் தகரத்துக்குச் செங்காவி நிறம் பூசினார். கூரை விளிம்பில் சரிகைக் கரை போல வெட்டிய பலகையை அடித்தார். இடது பக்கக் கதவைப் பெயர்த்து வலது பக்கம் வைத்தார். பழைய வாசல் இருந்த இடம் சன்னலாயிற்று. சுவருக்கு இளமஞ்சள். நேராக ஏறிய நடைபாதையை மூடிவிட்டு, சுண்ணாம்படித்த கற்களால் வளைவாக ஒரு பாதை போட்டார். ஓரமெல்லாம் டேலியாச் செடி. ஏன் இதெல்லாம் என்று கேட்டவர்களிடம், "புதுத் தொப்பியப் போட்டுட்டு கிழிஞ்ச சட்டையோட நிக்கலாமா?" என்று சிரித்தார்.

ரோஜாக் கொடியை வேரோடு தோண்டியபோது நான் அதைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

"அம்மா வந்தா வீட்ட எப்புடிப்பா கண்டுபிடிப்பாங்க?"

அப்பாவின் மண்வெட்டி நின்றது. "கண்டுபிடிக்கக் கூடாது பாப்பா" என்றார். அவர்மேல் அன்று எனக்கு வந்த கோபம் வெகுகாலம் தீரவில்லை.

தம்பி தேறினான். மேலே பார்ப்பதை விட்டுவிட்டுப் பாலைக் கேட்டு அழத் தொடங்கினான். அந்த வழியே போன துரைசாணி காரை நிறுத்தி வீட்டைப் புகழ்ந்தார். மற்றத் தோட்டத்து ஆட்களும் வந்து பார்த்துப் போனார்கள். யாராவது பாராட்டினால் அப்பாவின் முகம் கறுத்துவிடும்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு எதிரே மெனிக்கே அக்கா கடை போட்டார். சிங்களப் பெண், ஊருக்குப் புதியவர். எங்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. பனிமூட்டம் இறங்கியிருந்த ஒரு பிற்பகலில் அவர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"டாக்டர் மாத்தயா, இங்க கறுப்புக் கூரை வீடு எங்க இருக்கு? பச்சைக் கதவு, ரோஜா மரம். ஒரு நோனா வந்து கேட்டது. அந்தப் பொம்பளைக்குத் தலை எல்லாம் ஈரம். புள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம்னு சொன்னது. அனே, பாவம்."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படி வீடு இல்லைன்னு சொன்னேன். மேல போனது, திரும்பிக் கீழ வந்தது. இங்க முன்னுக்கு நின்னு ரொம்ப நேரம் பார்த்தது. எவ்வளவு அழகான வீடுன்னு சொல்லிட்டுப் போனது."

அன்று முதல், பனி இறங்கும் பிற்பகல்களில் அப்பா நாற்காலியை ரோட்டோரத்தில் போட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். தம்பியை வெளியே விட மாட்டார். தம் வீட்டழகைத் தாமே ரசிக்கிறார் என்று சிலர் கேலி செய்தார்கள். அத்தை ஒருமுறை உள்ளே வரும்படி கெஞ்சினார்கள். "அவளுக்கு வீடு தெரியாது, என்னயத் தெரியும்ல. கூட்டிட்டுப் போறதுன்னா என்னயக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். அவரிடம் யாரும் வழி கேட்கவில்லை. அப்பா இரண்டாம் கலியாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

போன வருஷம் நெஞ்சு நோயில் அப்பா படுத்தார். தம்பிக்கு அப்போது அரும்பு மீசை. கூரையை மாற்றியது மட்டும் அவனுக்குத் தெரியும், ஏன் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. கடைசி நாள் பிற்பகலில் வெளியே பனி மூடியிருந்தது. அப்பா அவனைக் கூப்பிட்டார். "கொஞ்ச நேரம் ரோட்டுல போய் நில்லுடா." நான் பதறித் தடுத்தேன். "இனி இவனத் தூக்கிட்டுப் போக முடியாது பாப்பா. வளந்துட்டான். அவ ஒரு தடவ பாத்துக்கட்டும்" என்றார்.

தம்பி போய் நின்றுவிட்டுத் திரும்பினான்.

"ஒரு அம்மா வந்தாங்கப்பா. தலையெல்லாம் நனஞ்சிருந்துச்சு. என் மூஞ்சியத் தடவிப் பாத்தாங்க. இங்கன கறுப்புக் கூரை வீடு ஒண்ணு இருந்துச்சேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கூரைய மாத்திட்டாங்க, இதுதாங்க அந்த வீடு, அப்பா உள்ளதான் இருக்காங்கன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "கதவத் தொறந்து வையி பாப்பா." திறந்தேன். பனி முன்னறைக்குள் வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் அப்பா போய்விட்டார். அவர் முகத்தில் துன்பம் இல்லை.

நோயில் இரவு பகலாகப் பார்த்த ஆஸ்பத்திரி ஊழியர்கள், பாடை கட்டிச் சுமந்த லயத்து மக்கள், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிய மெனிக்கே அக்கா, வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்த எங்களுக்கு றொசல்லவில் இடம் கொடுத்த அத்தை குடும்பத்தார், அனைவருக்கும் எங்கள் நன்றி. அன்று வழி கேட்டு வந்து அப்பாவை அழைத்துச் சென்றவருக்கு நாங்கள் நன்றி சொல்லவில்லை. பெற்ற தாய்க்குப் பிள்ளைகள் நன்றி சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.