ஹீட்டர் போட்ட மாப்பிள்ளை அழைப்பு

ஜலஜாவின் காரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. கீரை விற்பவள் சொல்லியிருக்கிறாள், குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார், பஜனைக்கு வரும் மாமிகள் தனித்தனியாகவும் கூட்டாகவும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருடைய பேச்சின் சாரமும் ஒன்றுதான்: அறுபதை நெருங்குகிற பொம்மனாட்டிக்கு, அதுவும் தனியாக இருக்கிறவளுக்கு, இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?

எதற்கென்றால், பிடித்திருந்தது. வேறு காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை. அடையாறு காந்தி நகரில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் அந்தப் பச்சைக் கார் துணிக்கூரையை மடித்துப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருந்ததைப் பார்த்தாள். விற்பனைக்கு என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மறுவாரம் அது மயிலாப்பூருக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு கை மாறிய வண்டி.

"அந்தக் காசை எஃப்.டி.யில போட்டிருந்தா மாசா மாசம் வட்டி வரும்க்கா" என்றான் தம்பி வெங்கடரமணன். வீட்டில் அவனைக் கூப்பிடுவது அம்பி என்று.

"எஃப்.டி.யில ஏறிண்டு பெசன்ட் நகர் போக முடியுமாடா?" என்று கேட்டாள்.

வண்டி அவளைப் பாடாய்ப் படுத்தியது, அதை மறைப்பதற்கில்லை. விலை கூடின பெட்ரோல்தான் குடிக்கும். ஒரு டயர் போனால் நாலையும் மாற்றச் சொல்லும். அந்த அளவு டயர் அண்ணா சாலைக் கடை எதிலும் கிடைக்காது. வரவழைத்தால் அந்த விலைக்கு நல்லதாக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். ஜன்னல் கண்ணாடியின் மோட்டார் கடல் தாண்டி வருவதற்குள் ஒரு பருவமே மாறிவிட்டது. ஐப்பசி மழையில் துணிக்கூரை ஒழுகியபோது பக்கத்து சீட்டில் எவர்சில்வர் பேசின் வைத்துக்கொண்டு தி.நகர் போய் வந்தாள். வெள்ள எச்சரிக்கை வந்தால் ஊரோடு சேர்ந்து அவளும் காரை மேம்பாலத்து மேலே நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்புவாள். வேகத்தடையை நேராகத் தாண்டினால் அடி தட்டும், அதனால் சாய்வாக ஏறி சாய்வாக இறங்குவாள். பின்னால் வருகிறவன் திட்டுவான். திட்டட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சூடுதான். ஓடினால் ஒன்றுமில்லை, நின்றால் கொதிக்கும். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த நாளிலிருந்து நிற்பதுதான் அதிகம். முள் சிவப்பை நெருங்கினால் ஜலஜா ஹீட்டரை முழுசாகத் திருகிவிடுவாள். என்ஜினின் சூட்டைப் பாதி இழுத்து வண்டிக்குள் ஊதிவிடும், என்ஜின் பிழைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவளுக்குக் காலடியில் அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும். கத்திரி வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் ஒரே மனுஷி இந்த ஊரில் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனை படுத்தியும் அந்த வண்டியிடம் அவளுக்குக் கோபம் வராததற்கு ஒரு நியாயம் இருந்தது. அதில் எது கெட்டாலும், கெட்டதற்குக் காரணம் கையில் எடுத்துக் காட்டும்படி இருக்கும். தேய்ந்த தட்டு, கருகிய ஒயர், வெடித்த வளையம். மனுஷர்கள் அப்படியில்லை. அவள் கணவர் பத்மநாபன் மாரடைப்பில் போன பதின்மூன்றாம் நாள், கோமளா சித்தி கூடத்தில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி, "இவ ஜாதகத்துல மாங்கல்ய ஸ்தானம் சரியில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள். ஜலஜா ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் மரண கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். எத்தனையோ ஆயிரம் பேருடைய சாவுக்குக் காரணம் என்ன என்று படித்தவள். பெண்டாட்டி ஜாதகம் என்று ஒரு டாக்டரும் எழுதியதில்லை. அன்றைக்கு அதை அவள் சொல்லவில்லை. அதற்கப்புறம் விசேஷங்களுக்குக் கூப்பிட்டார்கள், நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள், குங்குமத் தட்டு மட்டும் அவளைத் தாண்டிப் போனது.

இப்படியிருக்கையில் அம்பியின் பிள்ளை ஷ்ரவணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். காரைப் பெண் வீட்டார்தான் ஏற்பாடு செய்வது வழக்கம். ஷ்ரவண் அவர்களிடமே சொல்லிவிட்டான்: "கார் வேண்டாம். அத்தை கார்லதான் வருவேன். அத்தைதான் ஓட்டணும்."

அம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். காபியை ஆற விட்டான்.

"கார் தாராளமா வரட்டும்க்கா. ஒரு டிரைவரை மட்டும் போட்டுடறேனே."

"எதுக்கு?"

"நீ ஏன் சிரமப்படணும்னுதான்."

"நேத்திக்குத் திருவான்மியூர் போயிட்டு வந்தேன். சிரமமா இல்லையே."

"சித்தி ஏதாவது சொல்லுவாக்கா. நல்ல காரியம்."

"சித்தி சொல்லுவாளா, நீ சொல்றியா?"

அம்பி ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். அவன் கெட்டவன் இல்லை. பத்மநாபன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு பகல் பார்க்காமல் ஓடியவன் அவன்தான். ஊர் வாய்க்குப் பயந்த சுபாவம், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த வண்டியின் இரண்டாவது கியர் நேராகப் போட்டால் விழாது. நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, பிறகு தள்ள வேண்டும். கேட்டிருந்தால் ஜலஜா சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வண்டி கிறீச்சிட்டது, குலுங்கியது, வாசல் சரிவிலேயே மூன்று தடவை அணைந்தது. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"சார், தேருக்கு முட்டுக்கட்டை போடக் கூப்டா கூட வரேன். இத்த ஓட்டறதுக்கு வேற ஆளப் பாருங்க."

அப்படியாக ஜலஜாதான் ஓட்டுவது என்று ஆயிற்று. அவள் காரை ஆதம்பாக்கத்துக்கு, மெக்கானிக் செம்பியனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஊர்வலமா? நடக்கற ஸ்பீட்லயா? மேடம், இது காத்து வாங்கிக்கினே ஓடற வண்டி. நின்னு நின்னு போனா தாங்காது. இதுல கீற சாமான் எல்லாம் ஒரே வயசு, எது எப்போ புட்டுக்கும்னு நான் இன்னான்னு சொல்றது?"

"எதெது புதுசா மாத்தணுமோ மாத்திடு."

"ஆர்டர் போட்டா அடுத்த மாசம் வரும். ஊர்வலம் எப்போ?"

"வியாழக்கிழமை."

அவன் சிரித்தான். ரேடியேட்டரைக் கழுவி, முடிந்ததை முடுக்கிக் கொடுத்தான். வேறு வண்டி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னான்.

திரும்பி வரும்போது ஜலஜாவுக்குப் பயமாக இருந்தது. நடுவீதியில் கார் நின்றால் யாரும் காரைச் சொல்லப் போவதில்லை. அவள் முன்னால் உட்கார்ந்ததால் நின்றது என்பார்கள். நாளைக்கு ஷ்ரவணுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சண்டை, ஒரு காய்ச்சல் என்றாலும் அந்த ஜானவாசத்தை நினைவுபடுத்துவார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு போன் போட்டால் போதும், தப்பிவிடலாம். எல்லாருக்கும் அதுதான் சௌகரியம். எல்லாருக்கும் சௌகரியம் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் போகவில்லை, ஆனால் ஆத்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் கார் பூமாலையோடு நின்றது. ஜலஜா அரக்குப் பட்டு உடுத்தி, தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் ஷ்ரவண், ஜானவாச வழக்கப்படி கோட்டும் சூட்டும் டையுமாக. நாதஸ்வரம் முன்னால் நடந்தது. அம்பி பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்தபடி காரோடு ஒட்டி நடந்தான். பெண் வீட்டு மாமா ஒருவர் வழி நெடுக உபசாரம் செய்துகொண்டே வந்தார். எண்பது தாண்டிய கோமளா சித்தி பின்னால் பெண் வீட்டார் காரில் வந்தாள்.

முதல் தெருவில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது தெருவில் ஒரு தண்ணி லாரி வளைக்கத் தெரியாமல் வளைக்க, ஊர்வலம் அப்படியே நின்றது. முள் ஏறியது. ஜலஜா ஹீட்டரைத் திருகினாள்.

"அத்தை, காலாண்ட ஏதோ அனலா அடிக்கறதே."

"ஹீட்டர்."

"வைகாசி மாசத்துலயா?"

"என்ஜினுக்கு ஜுரம்டா. பாதி நாம வாங்கிண்டாத்தான் அது பிழைக்கும்."

"கோட்டையாவது கழட்டிக்கட்டுமா?"

"போட்டோ எடுத்துண்டிருக்கா. சிரி."

அவன் சிரித்தான். நெற்றியிலிருந்து சந்தனம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. லாரி நகர்ந்தது, ஊர்வலமும் நகர்ந்தது. முள் கொஞ்சம் இறங்கியது. மண்டபத்தின் விளக்குத் தோரணம் தெருக்கோடியில் தெரிந்ததும் ஜலஜாவுக்கு மூச்சு வந்தது. அப்போது பெண் வீட்டு மாமா நாதஸ்வரக்காரரிடம் போய் ஒரு தோடி ராகம் கேட்டார். அவர் மனசு வைத்து வாசிக்கிற மனுஷர். நடுத்தெருவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

நல்ல தோடிதான். அது முடிவதற்குள் பானட்டுக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம். வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பி மாலையெல்லாம் மூடியது. குழந்தைகள் கத்தின. ஜலஜா என்ஜினை அணைத்தாள். நாதஸ்வரம் பாதியில் நின்றது.

அந்த நிசப்தத்தில் சித்தியின் குரல் நன்றாகக் கேட்டது. காரிலிருந்து இறங்கி வந்திருந்தாள். "நல்ல காரியத்துக்கு யாரை முன்னாடி உக்காத்தி வைக்கறதுன்னு ஒரு முறை இருக்கு. சொன்னா யார் கேக்கறா?"

ஜலஜா கதவைத் திறந்தாள். இறங்கினாள். பானட்டைத் திறந்து, ஆவி அடங்கட்டும் என்று நின்றாள். கூட்டமும் நின்றது. பிறகு கையில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, கிழிந்து தொங்கிய கறுப்புக் குழாயை வெளியே இழுத்துப் பிடித்தாள்.

"சித்தி, கிட்ட வாங்கோ. பாத்தேளா? இது ரப்பர். பதினெட்டு வருஷமா வெந்நீர் ஓடி ஓடி இத்துப் போச்சு. கிழிஞ்சுடுத்து. அதான் வண்டி நின்னுது. இதுல என் ஜாதகம் எங்க இருக்கு, காட்டுங்கோ."

"நான் உன்னைச் சொல்லலைடீ..."

"என்னைத்தான் சொன்னேள். அன்னிக்கும் என்னைத்தான் சொன்னேள். அவருக்கு நெஞ்சுல ரத்தக் குழாய் அடைச்சிருந்தது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சிகரெட்டை விடுங்கோ, விடுங்கோன்னு கல்யாணம் ஆன நாளா கெஞ்சினேன். அவர் போனதுக்கு அழுதவ நான். காரணம் நான் இல்லை."

ஜலஜா பானட்டை மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று கண்ணைத் துடைக்காமலே மறுபடி ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"முகூர்த்தம் நாளைக்குத்தான். அவசரம் ஒண்ணும் இல்லை. வண்டி ஓடாது, உருளும். தள்ளறவா தள்ளுங்கோ. நான் இறங்கறதா இல்லை."

ஷ்ரவண் கோட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனான். மாப்பிள்ளை வண்டி தள்ளுவதா என்று யாரோ பதறினார்கள். பெண் வீட்டு மாமா கையைக் கூப்பிக்கொண்டு அம்பியிடம் வந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதேள். பின்னாடியே எங்க கார் வரது. மாப்பிள்ளை அதுல ஏறிக்கட்டும். யாருக்கும் சங்கடமில்லாம முடிஞ்சுடும்."

அம்பி பின்னால் வந்த காரைப் பார்த்தான். சித்தியைப் பார்த்தான். ஜலஜா அவனைப் பார்க்கவில்லை. நேரே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம் சார்" என்றான் அம்பி. "ஷ்ரவண், நீ உக்காருடா." நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "ஏன் நிறுத்திட்டேள்? வாசிங்கோ" என்றான். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். பட்டு வேஷ்டியை மடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான்.

"அக்கா, நியூட்ரல்ல போடு."