சாம்பியன்களை ஏற்றிப் போனவர்

மரக்காணம் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிக்காரர்களில் அய்யனாருக்குத்தான் கூட்டம் அதிகம். அவர் காத்திருப்பார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளுக்கும், செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவளுக்கும் தன் மேஜிக் வேனை நிறுத்தி வைப்பார். மேஸ்திரி போனில் திட்டினாலும், "வந்துட்டே இருக்கோம்பா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். மனைவி அஞ்சம்மாளும் அந்த வண்டியில்தான் உப்பு வாரப் போவாள்.

அவருக்கு ஒரே மகள், கீதாஞ்சலி. உப்பளத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். அங்கே விளையாட்டு ஆசிரியராக வந்த அறிவழகன் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். மாலையில் பெண்பிள்ளைகளைக் காய்ந்த கழுவெளிச் சதுப்பின் ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஃபுட்பால் ஆடவிட்டார். புல் கிடையாது. வெடித்த சேற்றின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெறுங்காலில் ஓடிக் காயம்பட்டால் அந்த இடம் ராத்திரியெல்லாம் எரியும். கீதாஞ்சலி கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக். அதே வண்டியில் உப்பு வாரப் போகும் சாலம்மாளின் மகள் இலக்கியா ஃபார்வர்ட்.

இலக்கியா அந்த வயதிலேயே டீச்சர் உயரம் இருந்தாள். யாராவது பந்தை நீளமாக உதைத்துவிட்டால் போதும், எதிரணிப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கோல் போட்டுவிடுவாள். பதினாலு வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் மாவட்டக் கோப்பையை இரண்டு வருடம் தொடர்ந்து அந்தப் பள்ளிதான் வாங்கியது. போட்டிகளுக்கெல்லாம் பிள்ளைகளை ஏற்றிப்போனது அய்யனாரின் வண்டி. டீசலுக்குக்கூட அவர் கேட்டதில்லை.

இரண்டாவது கோப்பை வாங்கிய அன்று, விழுப்புரத்திலிருந்து திரும்பும் வழியில் அறிவழகன் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னார். "அய்யனாரு, இப்ப ஜெயிக்கறது பெரிசு இல்ல. இதே பதினோரு பேரும் ஒண்ணா பெரிய ஸ்கூலுக்குப் போவணும். சின்ன வயசுல சாம்பியன்னா ப்ளஸ் டூவுலயும் சாம்பியன்தான். நம்மள ஒருத்தன் அசைக்க முடியாது. நீ மட்டும் இவங்கள பிரியாம பாத்துக்க."

அய்யனார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அதுவரை யாரும் அவரிடம் இப்படி ஒரு பொறுப்பை ஒப்படைத்ததில்லை.

அந்தக் கோடையில் இலக்கியா வயதுக்கு வந்தாள். சாலம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். புருஷன் இல்லாதவள், ஊர் வாய்க்குப் பயந்தவள். அய்யனார் மூன்று நான்கு தரம் அவள் வாசலில் போய் நின்று, ப்ளஸ் டூவிலும் சாம்பியன் என்று சார் சொன்னதையே சொன்னார்.

"அரை டிராயர் போட்டுகினு ஓடறத நாலு பேரு பாக்கறாங்கண்ணா. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள் சாலம்மாள்.

"நான் சொல்றேன். என் பொண்ணு எங்க போவுதோ அங்கதான் உன் பொண்ணும் போவப் போவுது. என் வண்டியில ஏறிப் போயி என் வண்டியில திரும்பி வரும். போதுமா?"

சாலம்மாள் அரைமனதாகத் தலையாட்டினாள். மறுநாளே இலக்கியா மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

அதே சமயத்தில் அய்யனாரின் மச்சான் தங்கராசு ஒரு வேலை கொண்டுவந்தான். பெரிய முதலியார்சாவடியில் ஒரு ரிசார்ட்டுக்கு வண்டி வேண்டும். தினமும் விருந்தாளிகளை ஏற்றி இறக்க வேண்டும், நிரந்தரமான வேலை. அஞ்சம்மாளுக்கு ஆசைதான். இனி உப்பில் கால் வைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். அய்யனார் முடியாது என்றுவிட்டார்.

"புள்ளைங்க மேட்சுக்கு யாரு வண்டி எடுப்பா?" என்று கேட்டார். "நாலு வருசம் பொறு. ப்ளஸ் டூ முடியட்டும்."

மறுநாளும் அஞ்சம்மாள் உப்பு வார வண்டியில் ஏறினாள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அறிவழகன் போன் செய்தார். "நாளைக்குக் காலையில ஒரு சவாரி இருக்கு அய்யனாரு. திண்டிவனம் தாண்டிப் போவணும். சீக்கிரம் வந்துடு."

ஏதோ போட்டி என்றுதான் அய்யனார் நினைத்தார். காலையில் வண்டியைத் துடைத்து, பந்துப் பையை எடுத்து வைத்து, மகளைக் கூப்பிட்டார். கீதாஞ்சலி வாசலில் நின்றாள். பாவாடை சட்டையில் இருந்தாள்.

"கிளம்பலயா?"

"நான் வரலப்பா."

"கால் வலியா?"

"இல்ல. நீ போ."

நேரமாகிவிட்டது. அவர் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் அறிவழகன் நின்றிருந்தார். பக்கத்தில் மூன்று பெண்கள், இலக்கியா, ஷாலினி, கோல்கீப்பர் ஆரோக்கியசெல்வி. மூவர் காலடியிலும் புது டிரங்குப் பெட்டி, பாய், வாளி. கொஞ்சம் தள்ளித் தாய்மார்கள். சாலம்மாள் அய்யனாரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா சார் இது?" என்றார் அய்யனார்.

"ஹாஸ்டல்ல சேக்கறோம். பிரைவேட் ஸ்கூலு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எல்லாம் ஃப்ரீ. எனக்கும் அங்கயே கோச் வேலை குடுத்துட்டாங்க. மூணு பேரத்தான் கேட்டாங்க, நான் இன்னா பண்றது?" அறிவழகன் ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்தார். "உன்ன விட்டா நம்ம பசங்கள பத்திரமா யாரு கொண்டுபோவா? அதான் உன்ன கூப்டேன்."

அய்யனார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் பிள்ளைகள் ஏறிவிட்டிருந்தார்கள். இலக்கியா எப்போதும் உட்காரும் இடத்தில், அவர் சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்திருந்தாள். வண்டியை எடுத்தார்.

முருக்கேரி, பிரம்மதேசம் எல்லாம் தாண்டியது. வழக்கமாக அந்த ரோட்டில் பிள்ளைகள் போடும் கூச்சலில் ஹாரன் சத்தமே கேட்காது. அன்று ஹாரன் தெளிவாகக் கேட்டது. அறிவழகன் மட்டும் புது ஸ்கூலின் புல் மைதானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது இலக்கியா, "வரேன் மாமா" என்றாள். அய்யனார் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

அன்று மாலை மகளிடம் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு வாரமா தெரியும். இலக்கியா சொன்னா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான்பா சத்தியமே."

அய்யனார் எழுந்து வெளியே போய்விட்டார். சொந்த மகள் உட்படத் தன்னைச் சுற்றி ஒரு வாரம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. அறிவழகன் செய்தது ஒரு பக்கம். தான் வாக்குக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை, தன் பெயரைச் சொல்லியே சத்தியம் வாங்கியிருக்கிறது.

சாலம்மாள் அதன்பிறகு இன்னொரு வண்டிக்காரர் மண்ணாங்கட்டியின் வண்டியில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் அந்த வண்டி பழுதாகி, அவள் அய்யனார் வண்டியில் ஏற வேண்டி வந்தது. உப்பளத்து மேட்டில் எல்லாரும் இறங்கிய பிறகு அவள் நின்றாள்.

"அண்ணா, கோவமா?"

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் சாலம்மா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். சார்தான் வேணாம்னாரு. அய்யனாரு பொண்ணுக்கு சீட்டு கிடைக்கல, அந்த ஆத்திரத்துல உன் பொண்ணு வாழ்க்கையையும் கெடுத்துடுவாருன்னு சொன்னாரு."

"நீ நம்பினியா?"

சாலம்மாள் உப்பு வாரும் பலகையைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரே பொண்ணுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போனாள். அய்யனார் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் வாசலில் நின்று பேசிய ஒவ்வொரு பேச்சும் அவருக்கு நினைவில் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். இருந்தும் நம்பியிருக்கிறாள்.

கீதாஞ்சலி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தாள். பழைய அணியில் அவளோடு வந்தவர்கள் நான்கு பேர். அவர்களிலும் இரண்டு பேர் பத்தாவதோடு நின்றுவிட்டார்கள். மற்ற இடங்களுக்கு மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும், உள்ளூர்க் கிராமத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருத்திக்கும் கோப்பையின் நிறம் தெரியாது. முதல் வருடம் எல்லாரிடமும் தோற்றார்கள். அய்யனார் வண்டி ஓட்டினார். வேண்டாவெறுப்பாகத்தான் ஓட்டினார். மகள் கேட்டதால் ஓட்டினார்.

அவள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது, சீனியர் பிரிவில் அந்தத் தனியார் பள்ளியோடு ஆட்டம் வந்தது. அய்யனார் மைதானத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரணியில் இலக்கியாவைத் தேடினார். இலக்கியா மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அதற்குமேல் வளரவே இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் அவளை எட்டிப் பிடித்துத் தாண்டியிருந்தார்கள். ஆரோக்கியசெல்வியும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஷாலினி முழங்கால் பிசகி ஆட்டத்தையே விட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பள்ளிக்காக ஆடியவர்கள் வேறு ஊர்ப் பிள்ளைகள். ஒல்லியாக, சுறுசுறுப்பாக, பந்தைத் தரையோடு தட்டித் தட்டிக் கொண்டுபோகிறவர்கள்.

அரசுப் பள்ளி இரண்டு கோல் வாங்கித் தோற்றது. கீதாஞ்சலி கடைசிவரை நன்றாகத்தான் தடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அறிவழகன் அய்யனாரைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். பெரிய அணி இப்போது அவரிடம் இல்லை. அந்தப் பள்ளி அதற்குச் சென்னையிலிருந்து வேறு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டது. அவரிடம் இருந்தது சின்னப் பிள்ளைகள் அணி.

"அய்யனாரு, நல்லாருக்கியா? நம்ம ஊரு பக்கம் புதுசா பசங்கள எடுக்கறேன். போன தடவைய விட சூப்பரான பசங்க. வண்டி வேணும். இவங்க மட்டும் ஒண்ணா இருந்துட்டா, அஞ்சு வருசத்துல பாரு..."

"போன தடவ சொன்னது இன்னாச்சு சார்?"

"எது?"

"சின்ன வயசுல சாம்பியன்னா ப்ளஸ் டூவுலயும் சாம்பியன்னு சொன்னீங்களே. அதோ, பெஞ்சுல உக்காந்திருக்குது."

அறிவழகன் திரும்பிப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். "அது அப்படித்தான் ஆவும். முன்னாடியே வளந்த பசங்க சின்ன வயசுல ஜெயிப்பாங்க. உடம்பு இருக்கும், ஆட்டம் இருக்காது. அப்புறம் மத்தவங்க வளந்துட்டா முடிஞ்சுது. பாதிப் பேரு ஆடவே மாட்டாங்க. இதெல்லாம் கோச்சுங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம எப்படி?"

"அப்ப ஏன் சார் எங்ககிட்ட அப்படி சொன்னீங்க?"

அறிவழகன் அவரை விநோதமாகப் பார்த்தார். கேள்வியே அவருக்குப் புரியாததுபோல இருந்தது. "அப்படி சொல்லலன்னா அந்தம்மாங்க பொண்ணுங்கள அனுப்புவாங்களா? நீதான் வண்டி எடுப்பியா?"

இத்தனை நாளும் அறிவழகன் வாக்கு மாறிவிட்டார் என்றுதான் அய்யனார் நினைத்திருந்தார். நல்ல வேலை கிடைத்ததும் மனம் மாறியிருக்கும், மனிதர்கள் அப்படித்தான் என்று ஒருவாறு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கே இருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து அதைச் சொன்னபோதே அது பொய் என்று சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யைத்தான் அய்யனார் சாலம்மாள் வாசலில் போய்ச் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லித்தான் அஞ்சம்மாளை இன்னும் உப்பில் நிற்க வைத்திருக்கிறார்.

"வண்டி இல்ல சார்" என்றார்.

"யோசிச்சு சொல்லு."

"வண்டி இல்ல."

திரும்பும் வழியில் பின்னால் பிள்ளைகள் பொரியைப் பங்கு போட்டுக்கொண்டு சத்தம் போட்டார்கள். கீதாஞ்சலி முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "போன வருசம் நம்ம ஸ்கூல் சீனியருங்க இவங்ககிட்ட ஆறு கோல் வாங்கனாங்கப்பா. இந்த வருசம் ரெண்டுதான்" என்றாள். அய்யனார் தலையை ஆட்டினார். அவள் சந்தோஷமாக இருப்பது அவருக்குப் புரிந்தது. அதில் சேர்ந்துகொள்ள அவரால் முடியவில்லை.

அன்று வீட்டில் அஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தங்கராசு சொன்ன வேலையை விட்டது தப்பு என்றும் சொன்னார்.

"அந்த வேலைக்கு அப்பவே வேற ஆள் வந்தாச்சு" என்றாள் அஞ்சம்மாள். "சாப்புட வா."

அடுத்த வருடம் அறிவழகனின் சின்னப் பிள்ளைகள் அணி மாவட்டக் கோப்பையை வாங்கியது. வண்டி ஓட்டியவர் மண்ணாங்கட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைகளின் படம் போட்டு பேனர் கட்டினார்கள்.

மறுநாள் விடியலில் அய்யனார் வண்டி அந்த பேனருக்குக் கீழே ஆள் ஏற்ற நின்றது. உப்பு வாரப் போகும் ஒரு பெண், படத்தில் தன் மகளைக் காட்டி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அய்யனாரிடம் கேட்டாள்.

"ஏண்ணா, நீதான் ஃபுட்பாலெல்லாம் பாத்தவன் ஆச்சே. இதுங்க இப்பவே இப்படி ஆடுதே, பெரிய ஸ்கூலுக்குப் போனா ஸ்டேட் கப்பே அடிக்கும்னு சார் சொல்றாரு. அடிக்குமா?"

அய்யனார் அவள் முகத்தைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். அவள் பதிலுக்காக நின்றாள்.

"கால உள்ள வைம்மா" என்றார். "கதவ சாத்தணும்."