மாடி அறைக்கு இரண்டு கோட்டு

சட்பரி நகரத்தில் வீட்டுக்குப் பெயின்ட் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு லிஸெட் ரான்கூரைத் தெரியும். ஹார்ட்வேர் கடையின் பின்பக்கம், கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். வயது ஐம்பத்தாறு. குட்டையான உருவம், உரத்த குரல். "ஆள் வச்சு அடிச்ச மாதிரி வரணும், ஆனா நானேதான் அடிக்கப் போறேன்" என்று யாராவது வந்து நின்றால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

"பெயின்ட்டக் கடைசியா யோசிங்க. மொதல்ல செவத்தக் கழுவுங்க," என்பாள். "ஓட்டைக்கெல்லாம் பட்டி பாருங்க. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. நாலு நாள் வேலைன்னா மூணு நாள் இதுக்குத்தான். அவசரப்பட்டா செவரு உங்களக் காட்டிக் குடுத்துரும்."

இப்படிச் சொல்கிறவள் வீட்டில் மாடி அறை ஒன்று ஒன்றரை வருஷமாகச் சாத்தியே கிடந்தது.

அது டார்சியின் அறை. லிஸெட்டுக்கும் அவள் கணவன் ஃபெர்னானுக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நல அலுவலகத்துக்காரர்கள் கொஞ்ச காலம் வளர்க்கக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி ஏழு பேர் அந்த வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். சிலர் இரண்டு வாரம், சிலர் ஐந்து மாதம். டார்சி மட்டும் மூன்று வருஷம் இருந்தாள். நாலு வயதில், ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தவள். அவள் அம்மா கென்ட்ரா குடியை விட்டு, வேலை தேடிக்கொண்டு, டிம்மின்ஸ் ஊரில் வீடு எடுத்து, நீதிபதி முன்னால் நின்று மகளைத் திரும்பக் கேட்டாள். கிடைத்தது. அதுதான் நியாயம் என்று லிஸெட்டுக்கும் தெரியும். கென்ட்ராவுக்காக அவளே ஒரு கடிதம்கூட எழுதிக் கொடுத்தாள். டார்சியின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் அவள்தான். கார் தெருமுனை திரும்பியதும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் "ரூம் இன்னும் தயாராகல" என்று சொல்லிவிட்டாள்.

மார்ச்சில், தெருவோரப் பனி கறுத்துக் கரையத் தொடங்கிய வாரத்தில், நாலாவது முறை போன் வந்தது. அக்கா தங்கை இரண்டு பேர். ஒருத்திக்குப் பத்து வயது, இன்னொருத்திக்கு ஆறு. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேறு வீடு அமையவில்லை. இங்கேயும் இல்லையென்றால் ஆளுக்கொரு வீடாகப் பிரிக்கவேண்டி வரும்.

"எப்ப வராங்க?" என்று கேட்டாள் லிஸெட்.

"அடுத்த வெள்ளிக்கிழமை மதியம். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க லிஸெட், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்றாள் அலுவலகத்துப் பெண்.

"பெயின்ட் அடிக்கணும்," என்றாள் லிஸெட். மாடிப்படியைப் பார்த்தாள். "அடிச்சிர்றேன். கூட்டிட்டு வாங்க."

ஃபெர்னான் பள்ளிப் பஸ் ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும், "ஆள் கூப்பிட்டுரலாம் லிஸ். பெரியப்பா மகன் ரெண்டு நாள்ல முடிச்சிருவான்," என்றான்.

"அவன் நம்ம கார் ஷெட்டுக்கு அடிச்ச லட்சணத்தத்தான் பாத்தேனே. ஜன்னல் கண்ணாடிக்கும் சேத்து ஒரு கோட்டு குடுத்துட்டுப் போனான்."

"அதுக்குச் சொல்லல. நீ அந்த ரூமுக்குள்ள போய் எப்படி..."

"நானே அடிச்சுக்கிறேன், விடு."

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தாள். கட்டில் இரண்டையும் நடுவே இழுத்துப் பழைய போர்வையால் மூடினாள். ஸ்விட்ச் மூடிகளைக் கழற்றினாள். சுவரில் நட்சத்திர ஸ்டிக்கர்கள், டேப் பிய்ந்த தழும்புகள், தலையணை உயரத்தில் எண்ணெய்க் கறை. எல்லாவற்றையும் வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவினாள். பட்டி பார்த்தாள், தேய்த்தாள், தூசியை ஈரத்துணியால் எடுத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த சுவருக்குக் கடைசியாக வந்தாள். அங்கே கறுப்பு மார்க்கரால் போட்ட பதினொரு நாய்கள் வரிசையாக நின்றன. பதினொன்றாவது நாய்க்கு வால் இல்லை. அதைப் போடுவதற்குள் லிஸெட் பேனாவைப் பிடுங்கித் திட்டியிருந்தாள். டார்சி அன்று அழவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஞாயிறன்று ப்ரைமர், திங்களன்று முதல் கோட்டு. மோர் நிறத்தில் ஒரு வெள்ளை. செவ்வாய்க்கிழமை காலையில் ஃபெர்னான் காப்பியோடு மாடிக்கு வந்து கதவை ஒதுக்கிப் பார்த்தான். பதினொரு நாய்களும் வெள்ளையைத் தாண்டி ஊதாப் புகை மாதிரி வெளியே வந்திருந்தன.

"மார்க்கருக்குச் சாதா ப்ரைமர் ஆகாது, அரக்கு ப்ரைமர்தான் போடணும்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

"ஆமா."

"கடையில தீந்துபோச்சா?"

"இல்ல. நான் நிக்கிற எடத்துலேர்ந்து எட்டடி. எடுக்கல." லிஸெட் தரையில் விரித்திருந்த துணிமேல் உட்கார்ந்தாள். "திரும்ப வரும்னு தெரியும், ஃபெர்னான். இன்னொரு தடவ பாத்துக்கலாம்னு இருந்துச்சு."

ஃபெர்னான் காப்பியைக் கீழே வைத்தான். அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த எடத்த மட்டும் அப்படியே விட்டுருவோமா? கதவுக்குப் பின்னாலதான இருக்கு. யாரு பாக்கப் போறா?"

லிஸெட் யோசித்தாள். "வந்த அன்னைக்கே அந்தப் புள்ளைங்க ரெண்டும் கதவச் சாத்திக்கும். எல்லாப் புள்ளையும் அப்படித்தான் பண்ணுச்சு. சாத்தின ஒடனே தெரிஞ்சிரும், இது வேற ஒரு பொண்ணோட ரூமுன்னு."

ஃபெர்னான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "எட்டடி தூரத்துல இருக்கிறத நான் போய் எடுத்துட்டு வரேன். நீ ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க."

எடுத்தாள். அரக்கு ப்ரைமரை அடித்துவிட்டு, அது காயக் காத்திருந்த நேரத்தில் அந்தப் படத்தைக் கென்ட்ராவுக்கு அனுப்பினாள். 'டார்சிக்குக் காட்டு' என்று மட்டும் எழுதினாள். கை போனையே சுற்றிச் சுற்றி வந்தது. பத்து நிமிஷத்தில் மணி அடித்தது.

"இத யாரு வரஞ்சது?" என்றது டார்சியின் குரல். குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வசந்தகால விடுமுறை வாரம் அது, எங்கேயும் பள்ளி இல்லை.

"நீதான்டி."

"நானா? நாய் மாதிரியே இல்ல. எல்லாம் ஆடு!" டார்சி விழுந்து விழுந்து சிரித்தாள். முன்பல் விழுந்துவிட்டதாம். பின்பக்கமாகவே ஸ்கேட்டிங் போகத் தெரியுமாம். பக்கத்து வீட்டில் முயல் குட்டி போட்டிருக்கிறதாம். திடீரென்று, "அம்மா பான்கேக் போட்டுட்டா, நான் போறேன். பை லீஸா!" என்றாள்.

மூன்று வருஷம் 'லிஸ்ஸி' என்று கூப்பிட்டவள்.

கென்ட்ரா போனை வாங்கினாள். "அவளுக்கு உங்கள நல்லா ஞாபகம் இருக்கு லிஸெட். பேருதான் கொஞ்சம்..."

"சின்னப் புள்ளதான, பரவால்ல. அவ நல்லாருக்கா. எனக்கு அது போதும்."

போதும் என்று சொன்னாளே தவிர, போதவில்லை. போனை வைத்துவிட்டு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கனவே கழுவிய ரோலரை மறுபடியும் ரொம்ப நேரம் கழுவினாள்.

பிறகு மேலே போய், கூரையும் சுவரும் சேரும் கோட்டை டேப் ஒட்டாமல் பிரஷ் ஒன்றாலேயே பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு முழமாக இழுத்தாள். ஓரம் காய்வதற்குள் ரோலரை ஏற்றி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக, ஒரு பட்டைமேல் அடுத்த பட்டை கொஞ்சம் ஏறும்படி உருட்டினாள். ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்த டேப்பை ஈரம் இருக்கும்போதே சாய்வாக உரித்தாள். மறுநாள் வெயில் சுவரில் படுக்கைவாட்டில் விழும்போது நின்று பார்த்தாள். ஒரு தடம் இல்லை, ஒரு வழிசல் இல்லை. கதவுக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை. இவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாமே என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்கள் வந்தார்கள். பெரியவள் ஆட்ரி தங்கை வின்னியின் கையை விடவேயில்லை. பட்டாணி சூப் வேண்டாம் என்றார்கள், கோட்டைக் கழற்றவும் மாட்டேன் என்றார்கள். லிஸெட் வற்புறுத்தாமல் மாடிக்குக் கூட்டிப் போனாள்.

ஆட்ரி மூக்கை உறிஞ்சினாள். "புதுப் பெயின்ட்டா? இதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா?"

மறைக்க லிஸெட்டுக்கு மனம் வரவில்லை. "டார்சின்னு ஒரு பொண்ணு. மூணு வருஷம் இருந்தா."

"அவ எங்க இப்போ?"

"அவ அம்மாகிட்ட போயிட்டா."

ஆட்ரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா? அம்மாவே வந்து கூட்டிட்டுப் போனாங்களா?"

"ஆமா. அவ அம்மாவேதான் வந்தா."

"அப்போ அந்த மாதிரி நடக்கும், இல்ல?"

"எப்பவும்னு சொல்ல முடியாது. ஆனா நடக்கும்," என்றாள் லிஸெட்.

ஆட்ரி குனிந்து தங்கையின் கோட்டு ஜிப்பைக் கீழே இழுத்தாள். "எந்தக் கட்டில் வேணும் உனக்கு?" என்று கேட்டாள். வின்னி ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள்.

லிஸெட் சூப்பை மறுபடி சூடு பண்ணக் கீழே இறங்கினாள்.