எப்போது சங்கு ஊதக் கூடாது

"இது சங்கு. இதை அமுக்கினா எல்லா ரூமுக்கும் கேக்கும். எப்ப அமுக்குவீக, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, நோட்டின் மேல் பேனாவை வைத்தபடி காத்திருக்கிறாள் பொன்மணி.

வாட்ச்மேன் தங்கச்சாமி யோசிக்கிறார். "பசிக்கையில."

எழுதிக்கொள்கிறாள்: 'சாப்பாட்டுக்கு ஊதக் கூடாது.'

எம். புதுப்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ போட்டிருக்கிறார்கள். வியாபாரிகள் அனுப்பும் செய்தியைப் படித்துப் பதில் சொல்லி, வேலையையும் அதுவே முடித்துவிடும். இருப்புப் பார்ப்பது, லோடு அனுப்புவது, சங்கு ஊதுவது என்று அதன் கையில் பதினாறு கருவிகள். ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். அந்த யாராவது பொன்மணி. திருத்தங்கல் அச்சாபீசில் பதினோரு வருடம் பட்டாசுப் பெட்டிகளுக்கு 'கையில் பிடித்து வெடிக்காதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தவள்.

"அது ரொம்பப் படிச்ச பிள்ளை. ஆனா நம்ம கம்பெனிக்கு அதுக்குத் தெனமும் மொத நாளு" என்பாள்.

அதனால் எழுதியதை முதலில் தங்கச்சாமியிடம் வாசிப்பாள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு வரி சேரும். வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்படி டப்பாவில் ஒட்டியிருந்தது: 'இது உப்பு. சீனி இல்லை. பாயசத்துக்கு எடுக்காதே. தீர்ந்தால் பேசாமல் மூடி வைக்காதே, சொல்.' அவள் புருஷன் நாகையா, டம்ளரின் அடியில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் மொண்டார்.

இவ்வளவு பார்ப்பவளுக்கும் புரட்டாசியில் ஒரு தப்பு நேர்ந்தது. இங்கே இடி மின்னல் என்றால் சங்கு ஊதும். கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியேற வேண்டும். 'மழை, இடி வந்தால் ஊதவும்' என்று ஒரே வரி எழுதியிருந்தாள். எந்த ஊர் மழை என்று எழுத அவளுக்குத் தோன்றவில்லை. காரியாபட்டி வியாபாரி ஒருவர், 'இங்கன நல்ல மழை, இடி. லோடு நாளைக்கு வரட்டும்' என்று அனுப்பினார். ஏஐ லோடை நிறுத்தியது. சங்கையும் ஊதியது. நூற்று இருபது பேர் மண்டையைப் பிளக்கும் வெயிலில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். 'சங்கு ஊதியாயிற்று, கவலைப்பட வேண்டாம்' என்று வியாபாரிக்குப் பதிலும் போயிருந்தது.

முதலாளிகூடச் சிரித்தார். பொன்மணி சிரிக்கவில்லை. "பொய்யா ஊதுன சங்குக்கு அடுத்த வாட்டி யாரு எந்திரிப்பா? நெசமா இடி விழுகையில உக்காந்தே இருந்துருவாக, அண்ணாச்சி" என்று தங்கச்சாமியிடம் சொன்னாள். அந்த ஒரு வரி ஒன்றரைப் பக்கம் ஆனது. 'நம் கம்பெனிக்கு மேலே இருக்கும் வானம் மட்டும். வேறு ஊர் மழை செல்லாது. தங்கச்சாமி மின்னலைக் கண்ணால் பார்த்து போனில் சொன்னால் உடனே ஊது.'

ஏஐ திருந்திவிட்டது. நாங்கள் திருந்தவில்லை. போன வாரம் மூன்று மணிக்குச் சங்கு ஊதியபோது எங்கள் ரூமில் நாலு பேர் திரி வைத்துக்கொண்டிருந்தோம். பாலம்மாள் அக்கா நிமிரவே இல்லை.

"காரியாபட்டில தூத்தல் போட்டிருக்கும். வேலையப் பாருங்கட்டி."

சிரித்தோம். நானும்தான்.

பொன்மணி ஓடிவந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அக்கா கையிலிருந்த திரியை அப்படியே கீழே வைத்தார். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் இருக்கும்போது யாரும் வெடிமருந்தைத் தொடக் கூடாது. இங்கே முதல் நாளே சொல்லித் தருவது அது.

"ஏட்டீ, கிறுக்கு பிடிச்சிருக்கா? அஞ்சு பேரு ஆகாதுன்னு தெரியாது? எந்திரி!"

"எந்திரிக்க மாட்டேன். நீங்க போங்க." சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருந்த 'ஆட்கள் 4' என்பதைப் பேனாவால் தட்டினாள்.

சங்குக்கு எழாத நாங்கள் அதற்கு எழுந்தோம். அக்காதான் முதலில் வாசலைத் தாண்டினார். வேலியோரம் போய்ச் சேர்ந்தபோது மேற்கே மின்னல் வெள்ளையாக வெட்டியது. கடைசியாக வந்த பொன்மணி அண்ணாந்து பார்க்கவில்லை. பேனா முனையால் எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.