சத்தம் குறைத்துப் பார்த்த பகிடிப் படங்கள்

புலம்பெயர்ந்து வந்திருக்கும் ட்ருகனினா என்ற ஊரில், எங்கள் வீட்டில் மகள் பழைய கறுப்பு வெள்ளைப் பகிடிப் படமொன்றைப் போட்டாள். ஏணியிலிருந்து ஆள் விழும்போது டமார் என்று கேட்டது. இந்தப் படங்களில் அப்படியொரு சத்தம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார் பற்றரியில் ஓடிய சின்ன ரீவியில், குண்டுபோட வரும் பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்கவேண்டுமென்று சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, பற்றரி அமிலமும் வியர்வையும் மணக்கும் அறையில் ஒட்டியிருந்து இவற்றைப் பார்ப்போம். தங்கச்சி குலுங்கும்போதெல்லாம் அம்மா அவள் வாயைப் பொத்தி, "சத்தம் போடாமல் சிரி பிள்ளை" என்பார். அவ்வளவு அடக்கியும் ஒருநாள் பொம்பர் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த அறை அன்றோடு இல்லை, தங்கச்சியும் இல்லை.

"அப்பா, இட்ஸ் ஃபன்னி. ஏன் சிரிக்கேல்லை?" என்றாள் மகள்.

"சிரிக்கிறன் தானே" என்றேன்.