சுவரில் விழுந்த என் வயிறு

என் முதல் பிள்ளையை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எடுக்கும்போதே உயிர் இல்லை. எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளையைத் தாய்க்குக் காட்டக்கூடாது என்பது எங்கள் ரப்பர் தோட்டத்து வழக்கம். முகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த பிள்ளை தங்காதாம். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் என் வீட்டுக்காரர் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஆற்றோரம் புதைத்துவிட்டார். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. வாய்விட்டுக் கேட்கும் சுபாவம் எனக்கு இல்லை.

தையல் ஆறியதும் மறுபடி மரம் சீவப் போனேன். ஒருநாள் ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணங்களைக் குனிந்து துடைக்கும்போதுதான் தெரிந்தது. வயிற்றின் இடப்பக்கம் ஏதோ ஒன்று மெல்லப் புரண்டது. நான் நிமிர்ந்ததும் நின்றது. குனிந்தேன், மறுபடி புரண்டது. பனிக்குள் வரிசை வரிசையாக மரங்கள். மனுஷ நடமாட்டமே இல்லை. ஆனாலும் நான் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். வயிற்றைத் தொட்டவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“கெட்டியா இருக்கும்மா. ஒனக்குக் காட்டாம அனுப்பிட்டோம்ல, புள்ள போகாம ஒங்கிட்டயே தங்கிடுச்சி.”

நானும் நம்பினேன். பயமாக இருந்தது. அது புரளாத நாட்களில் இன்னும் பயமாக இருந்தது. ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து அதற்குத் தாலாட்டு முணுமுணுத்ததை வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். மறுநாளே தோட்டத்து மருந்துக்காரரான டிரசரிடம் கூட்டிப்போனார். வயிற்றில் காற்று என்று ஒரு புட்டி மருந்து கிடைத்தது. இரண்டாம் தடவை போனபோது டிரசர் என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினார்.

“புள்ளைய பறிகொடுத்த பொம்பள. இன்னமும் உள்ள அசையுதுன்னு சொன்னா, தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான் லா. கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வரட்டும்.”

எங்கள் லயத்திலிருந்து அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தி வரவே இல்லை. அவள் வீட்டில் வேறு குடும்பம் குடிவந்து, அவள் கட்டிய கொடியில் துணி காயப் போட்டது. அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்துதான் தப்பித்தேன். உடம்பு கொதிக்கவும் வேன் பிடித்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் எலும்புகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

“உமக்கு விசர் இல்லைப் பிள்ளை, மூளை சரியாத்தான் இருக்கு. முந்தி ஆப்பரேஷன் செய்தவை ரத்தம் ஒத்துற துணியை உள்ளுக்க விட்டிட்டுத் தைச்சிட்டினம். இந்தக் கோடு, எக்ஸ்ரேயில தெரியிறதுக்கெண்டு அந்தத் துணியில வைக்கிற நூல்.”

“சட்டப் பையில கைக்குட்டைய மறந்த மாரி சொல்றீங்களே டாக்டர்!” என்றார் வீட்டுக்காரர்.

“அப்பிடித்தான் மறந்திருக்கினம்.”

எடுத்தார்கள். எடுத்ததைத் தட்டில் வைத்து எனக்குக் காட்டினார்கள். கைக்குள் அடங்கும் பழுப்பு உருண்டை. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அதில் முகம் இருக்கிறதா என்று தேடினேன்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா எங்களை வரச் சொன்னார். என் கேஸைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு எழுதுகிறாராம். அதற்கு முன் மற்ற டாக்டர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

“உம்மட பேர் வராது, படம் மட்டும்தான். துணியை எண்ணிப் பாக்காமல் தைச்சா என்ன நடக்கும் எண்டு எங்கட ஆக்கள் படிக்கட்டும்.”

பட்டப்பகலில் திரைகளை இழுத்து அந்த அறையை இருட்டாக்கினார்கள். படம் காட்டும் மெஷினைப் போட்டதும் சுவரில் என் வயிறு ஒரு கதவளவுக்கு விழுந்தது. முதலில் தழும்பு, பிறகு திறந்த வயிறு, பிறகு தட்டில் அந்த உருண்டை. வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அது புரண்டது. இடப்பக்கம், அதே இடத்தில். துணி சுவரில் இருந்தது. இது என்னிடம் இருந்தது.

தலை நரைத்த டாக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“இப்ப உள்ளுக்க ஏதும் அசையிற மாதிரி இருக்கோ எண்டு கேக்கிறார். உள்ளதைச் சொல்லும். நீர் சொல்லுறதைத்தான் நான் எழுதுவன்.”

இருட்டில் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன. வீட்டுக்காரர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்தான்.

“ஒண்ணும் இல்லங்க டாக்டரம்மா. நல்லா இருக்கு.”

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். திரைகளைத் திறந்தார்கள். பத்திரிகை வந்தபோது எங்களைக் கூப்பிட்டு, கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னார். நோயாளி முழுக் குணம் அடைந்துவிட்டார், இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். டாக்டரம்மா எதிரில் வயிற்றின் மேல் கை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.