மடிப்புக்கு மேலே வந்த மலைப் பேருந்து

கல்லூரி முதல்வரின் புகைப்படம் வந்து சேர்ந்தபோது எங்கள் முதல் பக்கம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கணினி ஆய்வகத்தின் கடைசி மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். மாணவர் இதழுக்குப் பொறுப்பாக இருந்த தமிழ்த்துறை ஐயா உள்ளே வந்து ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “பட்டமளிப்பு விழா படம்மா. மேல வரணுமாம். பெருசா வரணுமாம். இல்லீனா இந்த மாசம் அச்சுக்கு அனுப்ப வேணாம்னுட்டாரு.” சொல்லிவிட்டு, தாம் சொன்னதற்குத் தாமே வருந்துகிறவர்போலச் சற்று நின்றார். பிறகு போய்விட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எடிட்டர் அக்கா பென் டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அவரை நாங்கள் எல்லோரும் எடிட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வரலாறு மூன்றாம் ஆண்டு. சித்தேரி மலையில், பேருந்து போய் நிற்கும் கடைசி ஊர் அவருடையது. அந்த ஊரிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். மெலிந்த உடம்பு, உரத்த குரல்; ஆனால் கோபம் வந்தால் மட்டும் அந்தக் குரல் தணிந்துவிடும். அரூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லூரியில் மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு செய்தித்தாள் வந்துகொண்டிருந்தது. அதுவரை அதில் விழாச் செய்திகளும் வாழ்த்துக் கவிதைகளும்தான் இருக்கும். அக்கா ஆசிரியரான பிறகு விடுதியில் தண்ணீர் வராதது வந்தது, நூலகம் சனிக்கிழமை பூட்டிக் கிடப்பது வந்தது. கவிதைகள் நான்காம் பக்கத்துக்குப் போயின.

நான் முதலாம் ஆண்டிலேயே அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் என் எழுத்து அல்ல, என் தாய்மாமன். மொரப்பூரில் அவர் ஃபிளக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் எனக்குக் கைவந்துவிட்டன. மென்பொருளைவிட அந்தக் கடையில் நான் கற்றது முகங்களின் கணக்கு. யார் முகம் மேலே, யார் முகம் ஓரத்தில், யாருடையது வட்டத்துக்குள் தீப்பெட்டி அளவில் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டம். காதுகுத்து பேனர் ஒன்றில் பிள்ளையின் தாய்மாமன் முகம் பெரியப்பா முகத்தைவிடச் சிறியதாகிவிட்டதென்று, கட்டிய பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து கடைவாசலில் போட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அந்த மாதம் முதல் பக்கத்துக்கு அக்கா வைத்திருந்த செய்தி மலைப் பேருந்தைப் பற்றியது. காலையில் அரூரிலிருந்து புறப்பட்டு மலையேறும் பேருந்து அங்கிருந்து திரும்பிக் கல்லூரி வாசலுக்கு வரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். முதல் வகுப்பில் இல்லாதவருக்கு அரைநாள் வருகை போய்விடும். நாள்தோறும் அரைநாளாகக் கழிந்து, பருவத் தேர்வு நெருங்கும்போது மலைப் பிள்ளைகள் பலருக்கு ஹால் டிக்கெட் கிடைக்காது. சிறிது குறைந்தால் பணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அடுத்த ஆண்டு அதே பருவத்தை மறுபடியும் படிக்க வேண்டும். அக்கா ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி எழுதியிருந்தார். விடியுமுன்னே எழுந்து ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கி வேறு வண்டி பிடிக்கும் ஒரு பையன். ‘பஸ்ஸுக்காகக் காத்திருப்பதையும் வருகையாகப் போட்டால் நான்தான் முதலாவது’ என்று சிரித்த ஒரு பெண். அதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அக்கா, நீங்களும் அதே பஸ்ஸுலதானே வர்றீங்க? உங்க பேரு இதுல இல்லியே?”

“எடிட்டர் பேரு உள்ள வந்துச்சுன்னா அது நியூஸ் இல்ல பாப்பா. மனு” என்றார்.

நான் போட்டிருந்த முதல் அமைப்பில் அந்தச் செய்தி பக்கத்தின் மேல்பாதி முழுவதும் இருந்தது. ‘மலை மாணவர்களுக்கு அநீதி!’ என்று சிவப்பில் தலைப்பு வைத்திருந்தேன், பேனர் கடைப் பழக்கம். ‘அநீதி’யை அக்கா எடுத்துவிட்டார். ‘மலைப் பேருந்து வரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கிறது’ என்று கறுப்பில் வைக்கச் சொன்னார். எனக்கு அது சப்பென்று இருந்தது. அப்போதுதான் முதல்வரின் படம் வந்தது.

செய்தி தெரிந்து துணையாசிரியரும் வந்துவிட்டார். பொருளியல் மாணவர், பாலக்கோட்டுக்காரர், நல்ல மனிதர், சட்டென்று கொதித்துவிடுவார். இந்த மாதம் இதழே வேண்டாம், ஏன் வரவில்லை என்று நோட்டீஸ் ஒட்டுவோம் என்றார் அவர். அக்கா திரையில் விரிந்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடை, மேடையில் சிவப்புக் கம்பளம், சிறப்பு விருந்தினர் கையால் பொன்னாடை வாங்கிக்கொண்டு தலையிலிருந்து கால்வரை நின்ற முதல்வர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்க மாமா கடையில பேனர் வாங்கிக்கினு போறவங்க மொதல்ல என்னா பாப்பாங்க?”

“அவங்க மூஞ்சிய.”

“அப்பறம்?”

“பக்கத்துல யாரு மூஞ்சி இருக்குதுன்னு.”

“அப்பறம்?”

யோசித்தேன். “போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாங்க. ஊரெல்லாம் காட்டுவாங்க.”

அக்கா சிரித்தார். “அப்பன்னா பெருசாவே போடு” என்றார்.

துணையாசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மலைக்காரங்க கஷ்டத்துக்கு மேல அவரு மூஞ்சியா? நீங்களே அந்த மலைதானே? கடைசில நீங்களும் வித்துட்டீங்க” என்றார். அந்தச் சொல் அக்காவைத் தைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் குரல் தணிந்துவிட்டது. “நாளைக்கும் நீ இங்க வருவேன்னு நெனைக்கறேன்” என்று மட்டும் சொன்னார். துணையாசிரியர் வரவில்லை.

மிஞ்சியது நாங்கள் இருவர். அந்தப் பக்கத்தை அமைத்ததுபோல இன்றுவரை எந்தப் பக்கத்தையும் நான் அமைத்ததில்லை. படத்தை முழு அகலத்துக்கு விரித்தால் அது பக்கத்தின் பாதியை விழுங்கிவிட்டது. எங்கள் இதழ் குறுக்கே மடித்துத்தான் வரும். மடிப்புக்குக் கீழே போனது மேசைமேல் கிடக்கும்போது கண்ணில் படாது. செய்தி முழுக்க மடிப்புக்குக் கீழே போய் விழுந்தது. அக்கா முதல்முறையாகச் சோர்ந்துபோனார். “இது ஆவாது போலிருக்குதே” என்றார்.

“அக்கா, பெருசா வேணும்னு சொன்னாங்க. கால் வரைக்கும் வேணும்னு சொல்லலையே?” என்றேன்.

முதல்வரை இடுப்போடு வெட்டினேன். கம்பளம் போனது, முன்வரிசைத் தலைகள் போயின. முகம் முன்னைவிடப் பெரியதாகி, பொன்னாடையின் சரிகை மின்ன, கம்பீரமாக வந்து நின்றது. அதற்குக் கீழே, மடிப்புக்குச் சற்று மேலே, தலைப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. படவிளக்கம் வழக்கமாகப் படத்தின் அடியில் வரும். அதைப் பக்கவாட்டில் ஒதுக்கினேன். இடையில் ஒரு கோடுகூட வைக்கவில்லை. முகத்தைப் பார்க்கும் கண் வழுக்கி நேரே தலைப்பில் வந்து விழ வேண்டும். கறுப்பில் அமைதியாக நின்ற அந்தத் தலைப்பு, மேலே இருந்த வண்ணப் படத்துக்கு எதிரே, என் சிவப்பு அநீதியைவிட உரக்கப் பேசியது. அக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்தார், அருகே வந்து பார்த்தார், பிறகு என் தோளில் கைவைத்தார்.

இதழ் வந்தது. முதல்வர் மகிழ்ந்துபோனார் என்று கேள்விப்பட்டோம். வழக்கமாகக் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும் தாள்களை அவரே கேட்டு வாங்கி, எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினார். மாவட்ட ஆட்சியரை விளையாட்டு விழாவுக்கு அழைக்கத் தருமபுரிக்குப் போனபோது ஒரு பிரதியைத் தம் கையாலேயே கொடுத்திருக்கிறார். திரும்பி வந்ததும் எங்கள் இருவரையும் தம் அறைக்கு வரச் சொன்னார்.

உள்ளே போனபோது அந்த இதழ் மேசைமேல் மடித்தபடி கிடந்தது. மடிப்புக்கு மேலே அவர் முகம், அவர் முகத்துக்குக் கீழே எங்கள் தலைப்பு. முதல்வர் அதை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

“கலெக்டர் என்னைப் பாராட்டினாரும்மா. தன் படம் வர்ற பக்கத்துலயே காலேஜோட குறையப் போட எத்தனை பிரின்சிபாலுக்கு மனசு வரும்னு கேட்டாரு.”

அக்கா மெதுவாகக் கேட்டார்: “நீங்க என்ன சொன்னீங்க சார்?”

“என்னத்தச் சொல்றது? நன்றின்னு சொன்னேன்” என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் முகம் மாறியது. வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அக்காவிடம் கேட்டார்: “உன் பேரு ஏன் இதுல இல்ல? எல்லாரையும்விட உனக்குத்தானே குறைச்சல்? பணம் கட்டினாலும் எழுத முடியாத அளவுக்குப் போயிருக்குது. தெரியுமா?”

“தெரியுங்க சார்.”

“தெரிஞ்சேதான் இதைப் போட்டியா?”

அக்கா தலையசைத்தார். எனக்குத் தெரியாது. ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, அது அச்சாகி வந்தாலும் தமக்கு எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தேதான் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் நின்றபோது அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தார். அக்காவுக்காக நேரில் போயும் கேட்டார். விதி விதிதான் என்று பதில் வந்தது. அக்கா அந்தப் பருவத்தைத் தேர்வெழுதாமல் இழந்தார். அடுத்த ஆண்டு அதே பருவம் தொடங்கும்வரை வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

பேருந்து நேரம் மாறியது. இனி மாலையில் மேலே போகும் வண்டி மலையிலேயே தங்கிவிட்டு விடியற்காலையில் கீழே இறங்கும் என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. முதல் நாள் கல்லூரி மணி அடிக்குமுன்னே வாசலில் வந்து நின்ற வண்டியிலிருந்து மலைப் பிள்ளைகள் இறங்கியதை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். துணையாசிரியரும் வந்திருந்தார். யார் இறங்குகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, “அக்கா வரலியா?” என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அங்கேயே வேலியோரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மாலை வண்டியேறி அக்காவின் ஊருக்குப் போனேன். வளைந்து வளைந்து ஏறி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே போய் வண்டி நின்றது. அக்கா கொல்லையிலிருந்து மண் கையோடு ஓடி வந்தார். ஓட்டுநரும் நடத்துநரும் தங்கப் பள்ளிக்கூட அறையை ஊர்க்காரர்கள் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். அக்காவின் அம்மா அவர்களுக்கும் சேர்த்துக் களி கிண்டினார். பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். “மொத தடவ பாப்பா, எங்கூர்ல ஒரு பஸ்ஸு தூங்கப் போவுது” என்றார் அக்கா. கோபத்தைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. விடியலில் வண்டி புறப்பட்டபோது, காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் ஒருத்தி ஏறினாள். இதற்கு முன்பானால் வெயில் ஏறும்வரை காத்திருந்திருப்பாள். அக்கா கையசைத்துவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினார்.

இப்போது நான் சேலத்தில் ஒரு நாளிதழில் பக்கம் அமைக்கிறேன். செய்தியைப் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். அங்கே மடிப்பு கிடையாது, விரல் தள்ளிக்கொண்டே போகிறது. யார் முகம் எவ்வளவு பெரிது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அக்கா ஓராண்டு பிந்திப் பட்டம் வாங்கினார், பி.எட். முடித்தார், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். முடியில் நரை ஓடத் தொடங்கியிருக்கிறது. குரல் அதே உரத்த குரல்.

போன மாதம் மொரப்பூர் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்காகச் சேலம் போய்க்கொண்டிருந்தார். ஒரே வண்டி. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினோம். இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னிக்கு உங்க பேரையும் போட்டிருந்தா, எடிட்டரே பரிச்ச எழுத முடியலன்னு தெரிஞ்சிருந்தா, கலெக்டர் வரைக்கும் போயிருக்குமே. உங்கள எழுத வுட்டிருப்பாங்க இல்ல?”

அக்கா யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து முடித்த விஷயம் போலிருந்தது.

“வுட்டிருப்பாங்க பாப்பா. என்னைய மட்டும் வுட்டிருப்பாங்க” என்றார்.

வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, எனக்கும் சேர்த்து ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு, உள்ளேயிருந்து உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.